ஆய்வு ஐயங்கள்: கேள்வித்தாளைக் கையில் எடுக்கும் முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலம், ஏற்காடு வட்டாரத்து மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதியவை. உளவியல் ப்ராஜெக்ட் முடித்துக் கொடுக்க வேண்டிய காலம் இது. "டி-டெஸ்ட் போடட்டுமா, அனோவா போடட்டுமா?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். இவை குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் கணக்குகள். ஆனால் அந்தக் கட்டத்துக்கு வருவதற்கு வெகு முன்பே, கேள்வியைத் தாளில் எழுதும்போதும் ஆளைத் தேடிப் போகும்போதும் பாதி ஆய்வுகள் கெட்டுவிடுகின்றன. அதனால் அந்தப் பக்கத்துக் கேள்விகளுக்குத்தான் இங்கே அதிக இடம்.

"சேலம் கல்லூரி மாணவர்களின் செல்போன் பயன்பாடும் தூக்கமும்" என்பது என் முதுகலை ஆய்வுத் தலைப்பு. கைடு சரி என்று சொல்லிவிட்டார். அடுத்து என்ன செய்வது? — மாணவி, அஸ்தம்பட்டி

தலைப்பு கிடைத்திருக்கிறது, கேள்வி இன்னும் கிடைக்கவில்லை. "பயன்பாடு" என்றால் எது? ஒரு நாளில் எத்தனை நிமிடம் என்பதா, படுத்த பிறகு எத்தனை நிமிடம் என்பதா, நடுராத்திரி விழித்து எத்தனை முறை எடுத்துப் பார்க்கிறார் என்பதா? "தூக்கம்" என்றால் மொத்த மணி நேரமா, படுத்தவுடன் தூக்கம் வருகிறதா என்பதா, காலையில் எழும்போது உடம்பு தேறியிருக்கிறதா என்பதா? இவற்றில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள், அதை எப்படி எண்ணாக மாற்றப் போகிறீர்கள் என்று எழுதி வைப்பதற்குச் செயல்முறை வரையறை என்று பெயர். இது இல்லாமல் கருதுகோள், அதாவது நீங்கள் சோதித்துப் பார்க்கப் போகும் கூற்று, எழுத முடியாது.

ஒரு மாதிரி: "இரவில் விளக்கை அணைத்த பிறகு செல்போன் பார்க்கும் நிமிடங்கள் கூடக் கூட, தூக்கம் பிடிக்க ஆகும் நிமிடங்களும் கூடும்." இதைப் பொய் என்று காட்ட வழி இருக்கிறது. "செல்போன் தூக்கத்தைப் பாதிக்கும்" என்று எழுதினால் எந்த முடிவு வந்தாலும் சரி என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிப்பட்டது கருதுகோளே ஆகாது.

அடுத்து, அளக்கும் வழி. "நாளுக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஊகம். வாயால் சொல்லும் கணக்கும் போன் தானே பதிந்து வைக்கும் கணக்கும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த ஒரு பகுப்பாய்வு காட்டியது. எனவே செட்டிங்ஸில் இருக்கும் திரை நேரப் பதிவைத் திறந்து, கடந்த 7 நாள் எண்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இது செலவில்லாத வேலை.

தூக்கத்துக்கு 7 நாள் நாட்குறிப்பு கொடுங்கள். காலையில் எழுந்தவுடன் நான்கு நேரங்களை எழுத வேண்டும்: படுத்தது, தூங்கியது, விழித்தது, படுக்கையை விட்டு எழுந்தது. இரவு 11 மணிக்குப் படுத்து, 11.40-க்குத் தூங்கி, காலை 6 மணிக்கு விழித்து உடனே எழுந்தவர் படுக்கையில் இருந்தது 420 நிமிடம், தூங்கியது 380 நிமிடம். 380-ஐ 420-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 90 சதவீதம். தூக்கத் திறன் என்பது இதுதான். 85-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது வழக்கம். இடையில் விழித்திருந்தால் அந்த நிமிடங்களைத் தூங்கிய நேரத்திலிருந்து கழித்துவிடுங்கள். ஏழு நாள் குறிப்பையும் கடைசி நாளில் ஒரே மூச்சில் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. தினமும் காலை 10 மணிக்குள் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அது நிற்கும்.

இதெல்லாம் சரியாக நடந்து ஒட்டுறவும் (இரண்டு எண்களும் சேர்ந்து ஏறி இறங்குவது) கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் "செல்போன்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள். தூக்கம் வராததால் போனை எடுத்தவரும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார். மூன்றாவதாக ஒன்று இரண்டையும் ஆட்டி வைக்கலாம். ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் மாணவர் விடியும் முன்பே எழுகிறார், போகும் வழியெல்லாம் போன் பார்க்கிறார். விடுதி மாணவருக்கு அந்தப் பயணமே இல்லை. விடுதியா, வீடா, பயண நேரம் எவ்வளவு என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வு வாரத்திலும் ஆடித் திருவிழா நாட்களிலும் தரவு சேகரிக்க வேண்டாம். கோட்டை மாரியம்மன் விழா நடக்கும்போது சேலத்தில் எடுத்த தூக்கக் கணக்கு அந்த வாரத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

எத்தனை பேரிடம் எடுக்க வேண்டும்? ஒருவர் 30 போதும் என்கிறார், இன்னொருவர் 300 என்கிறார். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அது ரேண்டம் மாதிரி ஆகுமா? — மாணவர், ஓமலூர்

எண்ணிக்கை என்பது நீங்கள் தேடும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடப் போகிறீர்கள். வித்தியாசம் அரைத் திட்ட விலக்கம் அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதுதான் திட்ட விலக்கம்). அது உண்மையிலேயே இருந்தால் 100-க்கு 80 முறையாவது கண்ணில் பட வேண்டும் என்றால், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் வைக்க, ஒரு குழுவுக்கு 64 பேர் வேண்டும். வித்தியாசம் 0.8 அளவுக்குப் பெரிது என்றால் குழுவுக்கு 26 பேர் போதும். 0.2 போலச் சிறியது என்றால் குழுவுக்குக் கிட்டத்தட்ட 400. ஒட்டுறவு தேடுபவருக்கு, அது 0.3 அளவு என்றால் ஏறக்குறைய 85 பேர், 0.2 என்றால் 194 பேர். மொத்தம் "30 போதும்" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் எங்குமே இடமில்லை. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தீசிஸில் சேர்த்துவிடுங்கள். பாதியில் விடுபவர்களுக்காக 10 முதல் 15 சதவீதம் கூட்டிக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப்பில் போட்டது ரேண்டம் ஆகாது. அது வசதி மாதிரி: யாருக்கு நேரமும் விருப்பமும் உங்கள்மேல் அன்பும் இருந்ததோ அவர்கள் நிரப்பியது. ரேண்டம், அதாவது சமவாய்ப்பு, என்றால் முழுப் பெயர்ப் பட்டியல் கையில் இருக்க வேண்டும், அதில் இருக்கும் ஒவ்வொருவரும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் 1,200 பேர் பட்டியல் வாங்கி, எக்செலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சமவாய்ப்பு எண் போட்டு, அந்த எண்படி வரிசைப்படுத்தி, முதல் 200 பேரைத் தேடிப் போங்கள். அவர்களில் 40 பேர் மறுத்தால் அந்த 40-ஐயும் எழுதுங்கள். அலுவலகம் பட்டியல் தராவிட்டால் வசதி மாதிரியே எடுக்கலாம், அதில் குற்றமில்லை. அதை "எளிய சமவாய்ப்பு மாதிரி" என்று தீசிஸில் எழுதுவதுதான் பொய்.

ஆங்கில அளவுகோல் ஒன்றைத் தமிழில் மாற்றிப் பயன்படுத்த வேண்டும். தமிழாசிரியை ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கிவிட்டேன். ஆல்ஃபா 0.41 வந்திருக்கிறது. எங்கே தவறு? — ஆய்வு மாணவி, அம்மாப்பேட்டை

ஆல்ஃபா என்பது அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். 0.70-ஐயாவது தொட வேண்டும் என்பது வழக்கம். தவறு இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று ஐந்து நிமிடத்தில் சரியாகும், இன்னொன்றுக்கு இரண்டு மாதம் ஆகும்.

முதலில் ஐந்து நிமிட வேலை. பல அளவுகோல்களில் சில வாக்கியங்கள் எதிர்த்திசையில் இருக்கும். 10 கேள்விகள் கொண்ட உணரும் மன அழுத்த அளவுகோலில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் "சமாளித்தேன், என் போக்கில் நடந்தது" என்ற பக்கம் சாய்பவை. விடைகள் 0 முதல் 4 வரை. கூட்டும் முன் இந்த நான்கையும் 4-லிருந்து கழித்துத் திருப்ப வேண்டும்: 3 போட்டிருந்தால் 1 ஆகும், 0 போட்டிருந்தால் 4 ஆகும். 1 முதல் 5 வரை உள்ள அளவுகோல் என்றால் 6-லிருந்து கழிக்க வேண்டும். திருப்ப மறந்தால் ஆல்ஃபா சரியும், சில சமயம் மைனஸில்கூடப் போகும். ஆல்ஃபா 0.41 என்றதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

திருப்பிய பிறகும் 0.70-ஐத் தொடவில்லை என்றால் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு போதாது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் வகுத்துச் சொன்ன மறுமொழிபெயர்ப்பு முறைதான் இன்றைக்கும் அடிப்படை. அளவுகோலின் உரிமையாளரிடம் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இருவர் தனித்தனியாகத் தமிழாக்கட்டும். ஒருவருக்கு உளவியல் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்குங்கள். மூலத்தைப் பார்த்தே இராத மூன்றாமவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதட்டும். இரண்டு ஆங்கிலமும் எங்கே பிரிகிறதோ, அந்த இடத்தில்தான் உங்கள் தமிழ் வழுக்கியிருக்கிறது.

மேலே சொன்ன மன அழுத்த அளவுகோலின் முதல் கேள்வியிலேயே இதைக் காணலாம். ஆங்கிலத்தில் 'அப்செட்' என்ற சொல் வருகிறது. தமிழில் "வருத்தம்" என்று போட்டால் சோகமாகிவிடும், "கோபம்" என்றால் வேறொரு உணர்ச்சி, "நிலைகுலைந்தேன்" என்றால் பெரிய இடி விழுந்தது போல ஆகிவிடும். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் ஒருவரிடம் கேட்டால் "மனசு ஒரு நெலையில இல்ல" என்பார். அதுதான் மூலத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பேச்சுத் தமிழில் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நிரப்பப் போகிறவர் வீட்டில் பேசும் தமிழுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எதிர்மறை வாக்கியங்களில் கவனம் வேண்டும். "எனக்குத் தூக்கம் வராமல் இருப்பதில்லை" என்ற வாக்கியத்துக்கு "ஒருபோதும் இல்லை" என்று ஒருவர் டிக் அடித்தால் அவர் தூங்குகிறாரா இல்லையா? அடித்தவருக்கே தெரியாது. அதேபோல "எனக்கு எரிச்சலும் களைப்பும் வருகிறது" என்று இரண்டு விஷயத்தை ஒரே கேள்வியில் கட்டாதீர்கள். களைப்பு மட்டும் இருப்பவர் எதை அடிப்பார்?

பலரும் கவனிக்காத இடம் விடைச் சொற்கள். "எப்போதாவது, சில நேரம், அவ்வப்போது, அடிக்கடி" என்று வரிசையாகப் போட்டுவிடுகிறோம். தமிழில் "அவ்வப்போது" பெரிதா, "சில நேரம்" பெரிதா? இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்து, பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலுக்கு அடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பேரும் ஒரே மாதிரி அடுக்கும் சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கும்போது கை தயங்கும் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, "மாதத்தில் ஓரிரு நாள்", "வாரத்தில் ஓரிரு நாள்" என்று எண்ணிச் சொல்லக்கூடியதைப் போடுங்கள். ஆனால் விடைச் சொற்களை மாற்றினால் மூல அளவுகோலின் எண்களோடு நேராக ஒப்பிட முடியாது. அதைத் தீசிஸில் சொல்லிவிட வேண்டும்.

பிறகு 8 அல்லது 10 பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து "இது எதைக் கேட்கிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கம் கொடுக்காதீர்கள். இந்த ஒரு படி வேறெந்தப் படியை விடவும் அதிகப் பிழையைப் பிடிக்கும். அதற்கப்புறம் 30, 40 பேரிடம் முன்னோட்டம், பிறகு ஆல்ஃபா.

ஆல்ஃபா நன்றாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். லீ கிரான்பாக் 1951-ல் கொடுத்த இந்த எண், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் சொல்லும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கும் தராசு ஒன்று ஒவ்வொரு முறையும் சரியாக 2 கிராம் கூடுதலாகக் காட்டினால், அது நம்பகமான தராசுதான்: எத்தனை முறை வைத்தாலும் அதே எடை. ஆனால் உண்மையான எடை அது இல்லை. நம்பகம் ஒன்று, ஏற்புடைமை வேறு. ஏற்புடைமைக்கு உங்கள் தமிழ் அளவுகோல் மதிப்பெண், ஒத்த பொருளுள்ள வேறொரு அளவுகோலோடு சேர்ந்து ஏறுகிறதா, தொடர்பே இருக்கக் கூடாத ஒன்றோடு தொடர்பில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களில் 30 பேரிடம் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் அவசியம். ஆல்ஃபா 0.95-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே கேள்வியைச் சொல் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

ஐந்து விடைகளில் நடுவில் "கருத்து இல்லை" தேவையா? — வாசகர், சூரமங்கலம்

ரென்சிஸ் லைக்கர்ட் 1932-ல் அறிமுகப்படுத்திய வடிவத்தில் நடுப்புள்ளி இருந்தது, வைக்கலாம். ஆனால் "இரண்டுக்கும் நடுவில்" வேறு, "தெரியாது" வேறு. தெரியாதவருக்குத் தனியாக ஒரு கட்டம் கொடுத்து, கூட்டும்போது அதை விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 30 பேர். 'ஏ' பிரிவுக்குத் தினமும் 10 நிமிடம் மூச்சுப் பயிற்சி கொடுத்து, 'பி' பிரிவை அப்படியே விட்டு, ஒரு மாதம் கழித்துத் தேர்வுப் பயத்தை அளந்தால் அது சோதனை முறை ஆய்வு ஆகுமா? — ஆசிரியை, ஏற்காடு

ஆகாது டீச்சர், ஆனால் சிறு மாற்றத்தில் ஆக்கிவிடலாம். 'ஏ'யும் 'பி'யும் முன்பே வேறுவேறு. வகுப்பாசிரியர் வேறு, கணக்குப் பீரியட் வரும் நேரம் வேறு, சில பள்ளிகளில் பிரிப்பதே மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சியை முழு வகுப்புக்கும் சேர்த்துக் கொடுத்தால் உங்களிடம் இருப்பது 60 பேர் என்று சொல்ல முடியாது, 2 வகுப்புகள்தான். ஒரு வகுப்பில் அந்த மாதம் நடந்த எந்தச் சங்கதியும் பயிற்சியின் பலன் போலத் தெரியும்.

வழி இது. 60 பேரையும் முதலில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளந்துவிடுங்கள். பய மதிப்பெண்ணைக் கூடுதலிலிருந்து குறைவாக வரிசைப்படுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டு பேர் ஒரு ஜோடி, மொத்தம் 30 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டி, தலை விழுந்தால் முதலாமவர் பயிற்சிக்கு, பூ விழுந்தால் இரண்டாமவர். இதுதான் சமவாய்ப்பு ஒதுக்கீடு. முன்பு ஓமலூர் மாணவர் கேட்ட சமவாய்ப்பு மாதிரி என்பது யாரை ஆய்வுக்குள் எடுப்பது என்பதைப் பற்றியது. இது எடுத்தவரை எந்தக் குழுவில் போடுவது என்பதைப் பற்றியது. காரணம்–விளைவு பேச இரண்டாவது இல்லாமல் முடியாது. காசைச் சுண்டிய பிறகு "இவன் பாவம், பயிற்சியில் இருக்கட்டும்" என்று ஒரு பையனை மாற்றினாலும் போயிற்று.

மற்றக் குழுவைச் சும்மா விடாதீர்கள். அதே 10 நிமிடம், அதே ஆசிரியை, கதை வாசிப்பு. அப்போதுதான் மூச்சுப் பயிற்சியின் பலனையும் "டீச்சர் நம்மைத் தனியாகக் கவனிக்கிறார்" என்பதன் பலனையும் பிரிக்க முடியும். மாதம் முடிந்ததும் அந்தக் குழுவுக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அது நியாயம். பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் "மூச்சுப் பயிற்சி செய்து பார்த்தாயா?" என்று எல்லோரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பய மதிப்பெண்ணை எடுப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை காலைத் தட்டிக் கணக்குக்கு விடை சொல்வதாக ஊரே நம்பியது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்து, கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறுகிறது என்று காட்டினார். கேட்பவரின் தலை, உடலின் மிகச் சிறிய அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. குதிரைக்கே அது தெரிகிறது என்றால், தன் டீச்சர் முகத்தில் இருக்கும் எதிர்பார்ப்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா? பக்கத்து வகுப்பு ஆசிரியர் எடுக்கட்டும்.

வகுப்பிலேயே அதிகம் பயப்படும் 15 பேரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுக்கும் பழக்கம் நிறைய இருக்கிறது. அவர்கள் மதிப்பெண் பயிற்சி இல்லாமலே இறங்கும். அளந்த அன்று உச்சத்தில் இருந்தவர்களில் சிலர் அன்றைக்கு மட்டும் உச்சத்தில் இருந்தவர்கள். அடுத்த முறை சராசரிப் பக்கம் வருவது இயல்பு. ஒப்பிட ஒரு குழு இருந்தால்தான் இது பிடிபடும்.

கணக்கில் ஒரு பிழை அடிக்கடி வருகிறது. பயிற்சிக் குழுவில் முன்–பின் வித்தியாசம் தெளிவாக இருக்கிறது, கதைக் குழுவில் இல்லை, ஆகவே பயிற்சி பலித்தது என்று எழுதுகிறார்கள். அது தவறான வழி. இரண்டு குழுக்களின் மாற்றத்தை ஒன்றோடொன்று நேராக ஒப்பிட வேண்டும். நீங்கள் ஜோடி கட்டியிருப்பதால் ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தை எடுத்து ஜோடி டி-டெஸ்ட் போட்டால் போதும்.

பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழ். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள் 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எழுத்திலேயே இசைவு கேட்கச் சொல்கின்றன. தலைமையாசிரியர் கையெழுத்து இவை இரண்டுக்கும் ஈடாகாது.

காபி எஸ்டேட் பெண் தொழிலாளர்களின் மன அழுத்தம் பற்றிப் பேட்டி எடுக்கப் போகிறேன். எத்தனை பேட்டி? இருவர் சேர்ந்து வகைப்படுத்தினோம், 80 சதவீதம் ஒத்துப்போனது. போதுமா? — சமூகப்பணி மாணவி, சேலம்

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறோம், ஏனென்றால் 80 என்ற எண் ஏமாற்றுகிறது. பேட்டியிலிருந்து எடுத்த 100 துண்டுகளில் "வேலைப் பளு" என்ற குறி இருக்கிறதா இல்லையா என்று இருவரும் பார்த்தீர்கள். 70 துண்டுகளில் இருவரும் "உண்டு", 10-ல் இருவரும் "இல்லை", மீதி 20-ல் பாதியில் ஒருவர் மட்டும் "உண்டு", பாதியில் மற்றவர் மட்டும் "உண்டு" என்று வையுங்கள். ஒவ்வொருவரும் 80 முறை "உண்டு" என்றிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே அளவில் குறித்திருந்தாலும் 0.8 × 0.8 கூட்டல் 0.2 × 0.2, அதாவது 0.68 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். ஜேக்கப் கோஹன் 1960-ல் தந்த கப்பா, இந்தத் தற்செயலைக் கழித்துவிடும்: 0.80-லிருந்து 0.68 போனால் 0.12, அதை 1-லிருந்து 0.68 போன மீதியான 0.32-ஆல் வகுத்தால் 0.375. இது குறைவு. 0.6-ஐயாவது தாண்ட வேண்டும். குறியின் வரையறையைத் திருத்தி, "இது சேரும், இது சேராது" என்று இரண்டிரண்டு உதாரணம் எழுதி வைத்து, புதிய துண்டுகளில் திரும்பச் செய்யுங்கள். பழைய துண்டுகளிலேயே செய்தால் நினைவுதான் ஒத்துப்போகும்.

பேட்டி எண்ணிக்கைக்கு, ஓரளவு ஒரே வகை வேலையும் வாழ்க்கையும் உள்ளவர்கள் என்றால் 12 பேட்டி வரும்போது புதிய கருத்து வருவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது என்பதை 2006-ல் வந்த ஒரு பரிசோதனை காட்டியது. நிரந்தரத் தொழிலாளர், தற்காலிகத் தொழிலாளர் என்று இரண்டு வகையை ஒப்பிட்டால் வகைக்கு அத்தனை.

சேர்வராயன் மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம். அப்போது எடுக்கும் பேட்டியும் மே மாதத்தில் எடுக்கும் பேட்டியும் ஒரே வாழ்க்கையின் இரு முகங்கள். எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். மேஸ்திரி காதில் விழும் தூரத்தில் எடுத்த பேட்டியைப் பேட்டி என்றே கணக்கில் சேர்க்க வேண்டாம். எஸ்டேட் மேலாளர் "இந்த எட்டுப் பேரிடம் பேசுங்கள்" என்று வரிசைப்படுத்திக் கொடுத்தாலும் அப்படியே. வேலை நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தால் அவருக்குக் கூலி போகும். மாலையில் வீட்டுப் பக்கம் போங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சம்மதப் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டி, எஸ்டேட்டோடும் உங்களோடும் தொடர்பில்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை வாங்க வேண்டும். "ஸ்ட்ரெஸ் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டாம். "நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தீங்க, சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்தால், எங்கே இறுக்குகிறது என்பதை அவரே காட்டுவார்.

பி மதிப்பு 0.06 வந்திருக்கிறது. இன்னும் 20 பேரைச் சேர்த்தால் 0.05-க்குக் கீழே வந்துவிடும் என்கிறார்கள். — மாணவர், கொண்டலாம்பட்டி

செய்யாதீர்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு. 0.05 என்பது அதற்கு வைத்த 5 சதவீத வரம்பு. பார்த்துப் பார்த்துச் சேர்த்தால் 5 சதவீதம் என்ற வாக்குறுதி உடைகிறது. குழுவுக்கு 20 பேரை வைத்துப் பார்த்து, கிடைக்காவிட்டால் 10 பேரைச் சேர்த்து ஒரே ஒரு முறை திரும்பப் பார்த்தாலே, இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 7.7 சதவீதம் ஆகிறது என்று 2011-ல் சிமன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் காட்டினார்கள். இப்படிப்பட்ட பழக்கங்கள் சேர்ந்ததன் விளைவு 2015-ல் தெரிந்தது. வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, முதலில் 97 சதவீதத்தில் கிடைத்த தெளிவான முடிவு 36 சதவீதத்தில்தான் மறுபடி கிடைத்தது.

0.06-ஐ 0.06 என்றே எழுதுங்கள். வித்தியாசத்தின் அளவையும், உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் பக்கத்தில் போடுங்கள். அடுத்த முறை எத்தனை பேர், எந்தக் கணக்கு, யாரை விலக்குவது என்று தரவு எடுக்கும் முன்பே எழுதி, தேதி போட்டுக் கைடிடம் கொடுத்துவிடுங்கள்.

மனச்சோர்வு அளவுகோலைப் பெயர் கேட்காத கூகுள் ஃபார்மில் போட்டிருந்தேன். ஒருவர் "தினமும் சாகத் தோன்றுகிறது" என்ற விடையைக் குறித்திருக்கிறார். யாரென்று தெரியவில்லை. — மாணவி, சேலம்

இப்போது முதலில் செய்ய வேண்டியது: ஃபார்ம் போன அத்தனை குழுக்களுக்கும் இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். யாரையும் சுட்டாமல், "இந்தக் கேள்விகள் யாருக்காவது மனதைக் கனக்கச் செய்திருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை" என்று. கூடவே கைடின் பெயரும் அவர் சம்மதித்தால் அவர் எண்ணும். கைடிடமும் கல்லூரி ஆலோசகரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

9 கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ என்ற மனச்சோர்வு அளவுகோலில் கடைசிக் கேள்வி இதைப் பற்றியதுதான். அந்தக் கேள்வியைக் கேட்பவர் விடையை அன்றே படிக்க வேண்டும், படித்தால் ஆளைச் சென்றடைய வழி இருக்க வேண்டும். இரண்டும் முடியாது என்றால், நேரில் எடுங்கள் அல்லது அந்தக் கேள்வி இல்லாத 8 கேள்வி வடிவத்தை எடுங்கள், அது தனியாகவே புழக்கத்தில் இருக்கிறது.

0 முதல் 4 வரையான அளவுகோலில் ஒரு கேள்விக்குச் சராசரி 3.94 வருகிறது. எல்லோருக்கும் இவ்வளவு அழுத்தமா? — மாணவர், மேட்டூர்

உங்கள் எக்செலில் அந்த வரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்கள். உச்சியில் ஒரு 99 உட்கார்ந்திருக்கும். விடை தராதவருக்கு 99 போடும் வழக்கத்தில் போட்டுவிட்டு, அது விடுபட்டது என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்திருக்கிறீர்கள். 50 பேரில் 49 பேருக்குச் சராசரி 2 என்றால் கூட்டல் 98. அதோடு ஒரு 99 சேர்ந்தால் 197. 50-ஆல் வகுத்தால் 3.94. எஸ்பிஎஸ்எஸ், ஜமோவி போன்ற புள்ளியியல் மென்பொருள்களில் அந்த மாறிக்கு (அந்தக் கேள்வியின் வரிசைக்கு) 99-ஐ விடுபட்ட மதிப்பாகக் குறித்துவிட்டால் சராசரி 2-க்கு இறங்கிவிடும். மற்றக் கேள்விகளின் வரிசைகளையும் இதேபோல ஒவ்வொன்றாக அடுக்கி, மிகச் சிறிய எண்ணும் மிகப் பெரிய எண்ணும் 0-க்கும் 4-க்கும் இடையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுங்கள்.